ஈரத் துண்டும் இயல்மீறிய நிகழ்வுகள் ஆய்வு நிறுவனமும்

கண்ணாடிக்காரர் அந்த நிறுவனத்துக்குப் போனது பேய் உண்டா இல்லையா என்று கேட்பதற்கு அல்ல. அந்த விஷயத்தில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் கேட்கப் போனது வேறு. வீடு மாறினால் தன் மனைவி கூட வருவாளா, மாட்டாளா. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி. அதற்கு நிறுவனத்தார் ஐம்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி, பதிலை மட்டும் எழுதாமல் விட்டார்கள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி பழுதுபார்ப்பவர். கால் உடைந்த கண்ணாடிக்குக் கால் வைப்பார், கழன்ற திருகைப் பொருத்துவார், வில்லையைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்காரவைப்பார். அவர் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இறந்த மூன்றாவது வாரம் அவர் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டை வழக்கம்போல நாற்காலி முதுகில் போட்டார். உடனே "ச்சு" என்று ஒரு சத்தம் கேட்டது. முப்பத்தாறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் கேட்ட சத்தம் அது. மனைவி சூள் கொட்டுகிறாள். அவர் அனிச்சையாகத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் அழுதார்.

பயப்பட அவருக்கு நேரமில்லை, அவர் தொழில் அப்படி. ஒரு வில்லை சரியில்லை என்றால் ஏன் சரியில்லை என்று பார்த்தே தீருவார். காய்ந்த துண்டை நாற்காலியில் போட்டுப் பார்த்தார். சத்தம் இல்லை. ஈரத் துண்டைக் கொடியில் போட்டார். இல்லை. நாற்காலியில் போட்டார். ச்சு. கட்டிலில் போட்டார். ச்சு, கொஞ்சம் பலமாக. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். நூற்றுப் பன்னிரண்டு தடவை ஈரத் துண்டு போட்டதில் நூற்று ஒன்பது தடவை சூள். மூன்று தடவை இல்லை. அந்த மூன்று நாளும் அவருக்குக் காய்ச்சல். காய்ச்சலில் கிடந்தால் உயிரோடு இருந்த காலத்திலும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்.

இப்படி இருவரும் ஒரு மாதிரி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் கடிதம் வந்தது. கட்டடம் பலவீனமாகிவிட்டது, அறுபது நாளில் காலி செய்ய வேண்டும், அறுபத்தோராம் நாள் இடிப்பு. மகள் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். தனி அறை, ஜன்னல் எல்லாம் தயார். அவருக்கோ ஒரே கவலை. சூள் கொட்டுவது அந்த வீட்டில் இருக்கிறதா, தன்னோடு இருக்கிறதா? வீட்டோடு இருப்பவள் என்றால், அவளை இடிபாட்டுக்குள் விட்டுவிட்டு இவர் மட்டும் ஜன்னல் வைத்த அறைக்குப் போவது எப்படி? இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதையும் சோதித்துப் பார்த்தார். மகள் வீட்டுக்குப் போய், குளித்து, ஈரத் துண்டைச் சோபாவில் போட்டார். "ச்சு" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் மகள் நிற்கிறாள். நான்கு தடவை முயன்றார், நான்கு தடவையும் மகளே முந்திக்கொண்டாள். தாயைப் போலவே வளர்ந்திருக்கிறாள், குறை சொல்ல முடியாது. கடையில் முயன்று பார்க்கலாம் என்றால் ஒரு பக்கம் தகரக் கடை, மறுபக்கம் பேருந்து நிறுத்தம். அங்கே சூள் என்ன, இடி விழுந்தாலே பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தான் தெரியும்.

மகள்தான் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னாள். "அதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்குப்பா. விஞ்ஞானிங்க எல்லாம் இருக்காங்க. போய்க் கேளுங்க."

இயல்மீறிய நிகழ்வுகள் ஆய்வு நிறுவனம் மூன்று மாடிக் கட்டடம். கீழே படிவப் பிரிவு, நடுவில் கருவிப் பிரிவு, மேலே இயக்குநர். நிறுவி முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இதுவரை அங்கே ஒரு பேயும் உறுதி செய்யப்பட்டதில்லை, ஒரு பேயும் மறுக்கப்பட்டதில்லை. இந்தச் சாதனையை வாசலிலேயே பலகையில் எழுதிவைத்திருந்தார்கள்.

படிவ எழுத்தர் இருபத்திரண்டு பக்கப் படிவத்தை வாங்கி எச்சில் தொட்டுப் புரட்டினார். பதினாறாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஆய்வுக்கு உட்படுறவங்க கையெழுத்து எங்கே?"

"அவங்க இறந்துட்டாங்க."

"அது ஒண்ணாம் பக்கத்துலயே இருக்கு. நான் கேக்கறது பதினாறு."

"இறந்தவங்க எப்படிங்க கையெழுத்துப் போடுவாங்க?"

எழுத்தர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "போடுவாங்களா மாட்டாங்களான்னு நாம முன்கூட்டியே முடிவு பண்ணக் கூடாது சார். அதுதானே ஆராய்ச்சியே. ஒப்புதல் இல்லாம ஒருத்தரை ஆராயறது தப்பு. நாளைக்கு அவங்க வந்து கேட்டா யார் பதில் சொல்றது?"

"வந்து கேட்டாங்கன்னா உங்க ஆராய்ச்சி முடிஞ்சுபோச்சேங்க."

"முடியறதா? அப்பத்தான் விசாரணையே ஆரம்பிக்கும்."

கடைசியில் எழுத்தரே ஒரு வழி சொன்னார். அந்தப் பக்கத்தையும் ஒரு பேனாவையும் மூன்று நாள் வீட்டில் வைக்க வேண்டும். மூன்று நாளில் மறுப்பு எதுவும் எழுதப்படவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிக்காரர் அப்படியே வைத்தார். இரண்டாம் நாள் ஒரு சூள் கேட்டது. போய்ப் பார்த்தால் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறார், மை காய்ந்திருக்கிறது. மூடிவைத்தார். இதையும் ஒளிக்காமல் எழுத்தரிடம் சொன்னார்.

"மறுப்பு எழுத்துல இருந்தாத்தான் மறுப்பு," என்று எழுத்தர் முத்திரை குத்தினார்.

ஒன்பதாம் நாள் இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. இயக்குநர் நன்றாகப் பேசக்கூடியவர். பேசுவது தனக்கே பிடித்துப்போய், சில இடங்களில் நிறுத்தித் தன் பேச்சை ரசிப்பார். கண்ணாடிக்காரர் தன் நாட்காட்டித் தாள்களை மேசையில் பரப்பினார். இயக்குநர் அவற்றைத் தொடவில்லை.

"இதெல்லாம் என்ன?"

"நான் குறிச்சுவச்சதுங்க. ஈரம், காய்ஞ்சது, நாற்காலி, கட்டில்னு பிரிச்சு."

"பின்பக்கத்துல எழுதியிருக்கீங்க. முன்பக்கத்துல வெள்ளிக்கிழமை, சனிக்கிழமைன்னு இருக்கு. இது ஆவணம் ஆகாது. போகட்டும். எங்க முறையைச் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒரு விஷயத்தை எங்களால அளக்க முடிஞ்சுதுன்னா, அது இயற்கை. இயற்கை எங்க துறை இல்ல. சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிடுவோம். அளக்க முடியலேன்னா, சான்று இல்ல. சான்று இல்லாததைப் பத்தி நாங்க பேசறதில்ல."

கண்ணாடிக்காரர் தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினார். "அப்ப எதைப் பத்திங்க பேசுவீங்க?"

"பொதுவாப் பேசுவோம்," என்றார் இயக்குநர்.

"எனக்குப் பேய் இருக்குன்னு சான்றிதழ் வேண்டாம் சார். இல்லேன்னு சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன். வீடு மாறினா கூட வருவாளா? அது மட்டும் சொல்லுங்க. இன்னும் அம்பத்தோரு நாள்தான் இருக்கு."

"முதல்ல இருக்காங்களான்னு தெரியணும். அப்புறம்தான் வருவாங்களான்னு பாக்க முடியும். படிப்படியா வாங்க."

மூன்று நாள் கழித்துக் கருவிப் பிரிவு அம்மா ஆறு பெட்டிகளோடு வந்தார். ஒன்று வெப்பத்தை அளக்க, ஒன்று காந்தத்தை, ஒன்று சத்தத்தை. மற்ற மூன்றும் முதல் மூன்று சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க. எல்லாரையும் மூச்சை அடக்கச் சொன்னார். எல்லாரும் என்றால் கண்ணாடிக்காரர் ஒருவர்தான். அவர் ஈரத் துண்டை நாற்காலியில் போட்டார்.

"ச்சு."

சத்தம் அளக்கும் பெட்டியின் முள் துள்ளி நாற்பத்து மூன்றில் நின்று இறங்கியது. கண்ணாடிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை மாதத்தில் தன்னைத் தவிர இன்னொருவர் காதில் அது விழுந்தது இதுதான் முதல் தடவை. "கேட்டுச்சா? கேட்டுச்சாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். கருவி அம்மாவின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"அளந்துட்டேனே சார்," என்றார் அந்த அம்மா, கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டு உடைத்தவர் போல. "நாப்பத்து மூணு டெசிபல். இனிமே இது எங்களுது இல்ல."

கோப்பு ஒலிக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு வாரத்தில், இறந்துபோன மனைவியின் பெயருக்கு அறிவிப்பு வந்தது. குடியிருப்புப் பகுதியில் தாங்கள் எழுப்பும் ஒலி குறித்து நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டும், வரத் தவறினால் தங்கள் தரப்பில் சொல்ல எதுவும் இல்லை என்று கருதப்படும். கண்ணாடிக்காரர் அறிவிப்பை எடுத்துக்கொண்டு தானே போனார். வாரியத்துக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க அவங்க இல்லையே," என்றார். அதை மறுக்க முடியவில்லை. அப்புறம் கோப்பைப் படித்துப் பார்த்ததில், பகலில் ஐம்பத்தைந்து டெசிபல் வரை அனுமதி உண்டு என்பதும், அம்மையார் சட்டத்துக்கு உட்பட்டே சூள் கொட்டுகிறார் என்பதும் தெரியவந்தது. அப்படியே எழுதி நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இதற்குள் முப்பத்தொரு நாள் ஆகிவிட்டது.

திரும்பி வந்த கோப்பைப் பார்த்ததும் நிறுவனத்துக்கு உற்சாகம் பிறந்தது. வேறு துறை ஏற்க மறுத்த கோப்பு அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. இனி முறையாகச் செய்யலாம் என்று இயக்குநர் அறிவித்தார். முறை என்றால் இருபக்க மறைப்பு. சோதிப்பவருக்கும் துண்டு ஈரமா காய்ந்ததா என்று தெரியக் கூடாது, சோதிக்கப்படுபவருக்கும் தெரியக் கூடாது. அதற்காக முப்பது தகரப் பெட்டிகள் வந்தன. சிலவற்றில் ஈரத் துண்டு, சிலவற்றில் காய்ந்த துண்டு, சிலவற்றில் ஈரம்போலத் தெரியும்படி செய்த துண்டு. எல்லாவற்றுக்கும் பூட்டு. ஒவ்வொரு பெட்டியாக நாற்காலியில் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

"அவளுக்குத் தெரியாம ஈரத் துண்டை வச்சா அவ எதுக்குங்க சூள் கொட்டுவா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர். "பாத்தாத்தானே எரிச்சல் வரும்?"

"பாத்துட்டுச் சூள் கொட்டினா அது பாரபட்சம் சார்," என்றார் கருவி அம்மா.

எட்டு நாள் பெட்டி வைத்தார்கள். வீடு கல்லாட்டம் இருந்தது. ஒரே ஒரு தடவை, அடிப்பக்கம் தூசி படிந்த பெட்டி ஒன்றை அந்த அம்மா துவைத்த விரிப்பின் மேல் வைத்தபோது பளிச்சென்று ஒரு ச்சு கேட்டது. அதைச் "சம்பந்தமில்லாத சத்தம்" என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் ஈரத் துணியால் விரிப்பைத் துடைத்துவிட்டு, மறக்காமல் அந்தத் துணியைக் கொடியில் போட்டார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பேய் இல்லாத வீடு ஒன்றும் வேண்டியிருந்தது. பேய் இல்லை என்று சான்று தரும் அதிகாரம் நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு, நிறுவனமோ கொள்கையாக அப்படிச் சான்று தருவதில்லை. ஆகவே அந்தப் பகுதியைக் காலியாக விட்டு, காலியாக விட்டதற்கான காரணத்தை ஒன்பது பக்கத்தில் எழுதினார்கள்.

நாற்பத்து நான்காம் நாள் இயக்குநரே நேரில் வந்தார். கூட நிபுணர் குழு, ஏழு பேர். ஏழு பேரும் செருப்போடு உள்ளே வந்தார்கள். கண்ணாடிக்காரர் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒருவர் குடித்த கோப்பையைத் தரையில் வைத்தார். ஒருவர் புத்தகத்தின் மேல் வைத்தார். இன்னொருவர் கோப்பைக்குள்ளேயே பிஸ்கட் காகிதத்தைக் கசக்கிப் போட்டார். இயக்குநர் கை கழுவிவிட்டு, துடைத்த துண்டைக் கட்டிலில் வீசினார்.

அதற்குமேல் கண்ணாடிக்காரரின் மனைவியாலும் பொறுக்க முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ச்சு. ச்சு. ச்சு. கோப்பைக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, காகிதத்துக்குச் சற்று நீளமாக ஒன்று. செருப்புக்கு ஆளுக்கொன்றாக ஏழு. கட்டிலில் கிடந்த துண்டுக்கு வந்தது அத்தனையிலும் பெரியது. குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சத்தமில்லாமல் கால்விரலால் செருப்பைக் கழற்றினார்.

கண்ணாடிக்காரருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. "வந்தவங்க முன்னாடி இப்படியா," என்று காற்றைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இது எங்களையா?" என்றார் இயக்குநர்.

"எல்லாரையும்தாங்க. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. எப்பவுமே அப்படித்தான்."

குழு அன்று மாலையே கூடித் தீர்மானம் எழுதியது. ஆய்வாளர்களே ஆய்வுப் பொருளால் கண்டிக்கப்பட்டுவிட்டதால், அவர்கள் காதில் விழுந்ததை நடுநிலையான சான்றாகக் கொள்ள இயலாது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தவறாகக் கேட்டிருக்கவும் கூடும். அதோடு இன்னொரு முக்கியமான விஷயத்தையும் குழு கண்டுபிடித்தது. இதுவரை நடந்த எல்லாச் சோதனையிலும் கண்ணாடிக்காரர் வீட்டில் இருந்திருக்கிறார்.

"உங்களையும் ஒரு கருவியா எடுத்துக்கிட்டா," என்று இயக்குநர் அவரைக் கூப்பிட்டு விளக்கினார், "நீங்க சரிபார்க்கப்படாத கருவி. உங்களை விலக்கிவச்சுட்டு ஆராயணும். பன்னிரண்டு நாள் நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது."

"மீதி இருக்கறதே பதினாறு நாள்தாங்க. அதுல பன்னிரண்டை நீங்க எடுத்துக்கிட்டா நான் எப்ப அவகூட இருக்கறது?"

"விஞ்ஞானத்துக்காக நாங்களெல்லாம் எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கோம்," என்றார் இயக்குநர். எதை என்று அவர் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கடையில் போய்ப் படுத்துக்கொண்டார். பகலெல்லாம் பக்கத்தில் தகரம் அடித்தார்கள். பன்னிரண்டு நாளும் அவர் பொருத்திய திருகுகள் சரியாக உட்காரவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு வலதுக்கும் இடதுக்கும் வில்லையை மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிட்டார். நாற்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அவள் தனியாக அந்த வீட்டில் என்ன செய்கிறாளோ என்பதுதான் நினைப்பு. யாரோ தினமும் மூன்று வேளை ஈரத் துண்டைக் கொண்டுவந்து போடுகிறார்கள், எத்தனை தடவைதான் சூள் கொட்டுவாள், வாய் வலிக்காதா என்று கவலைப்பட்டார்.

ஐம்பத்தெட்டாம் நாள் அறிக்கை தயார் என்று அழைப்பு வந்தது. நல்ல மழை. மேல் மாடியில் இயக்குநர் அறையிலேயே சின்னதாக ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. பார்வையாளர்கள் மூன்று பேர்: படிவ எழுத்தர், கருவி அம்மா, கண்ணாடிக்காரர். மூன்று பேருக்கும் கேட்பதற்காக ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதன் சத்தம் எவ்வளவு என்று பார்க்கக் கருவி அம்மா தன் பெட்டியை மேசை ஓரத்தில் திறந்துவைத்திருந்தார்.

இயக்குநர் மழையில் நனைந்து தாமதமாக வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே பேசத் தொடங்கினார்.

"முப்பத்தொரு வருஷம். நாலாயிரத்து இருநூறு புகார். ஒண்ணைக்கூட நாம நம்பல. ஒண்ணைக்கூட நாம மறுக்கவும் இல்ல. இந்த நடுநிலை சும்மா வந்துடல. யோசிச்சுப் பாருங்க. பேய் இருக்குன்னு நாளைக்கே நிரூபிச்சோம்னு வைங்க, வேலை முடிஞ்சுதுன்னு நம்மளை மூடிடுவாங்க. இல்லேன்னு நிரூபிச்சா, வேலையே இல்லேன்னு மூடிடுவாங்க. ரெண்டு பக்கமும் பள்ளம். நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை. அதுக்குப் பேருதான் 'மேலும் ஆய்வு தேவை'. இந்தப் பாதையில நான் ரெண்டு பதவி உயர்வு வாங்கியிருக்கேன். எனக்கு முன்னால இருந்தவர் மூணு வாங்கினார். விஞ்ஞானம் இப்படித்தான் முன்னேறுது."

எழுத்தர் கை தட்டினார்.

அறிக்கையை வாங்கிய கண்ணாடிக்காரர் நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். எழுத்து பொடிசு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பன்னிரண்டு நாள், நாளுக்கு மூன்று வேளை, முப்பத்தாறு ஈரத் துண்டு. நாற்காலியில் பதினெட்டு, கட்டிலில் பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே சொல்: இல்லை. முப்பத்தாறு இல்லை.

அவர் எழுத்தரிடம் திரும்பினார். "நீங்கதானே போய்ப் போட்டீங்க? நல்லாப் பிழியாமத்தானே போட்டீங்க?"

"சொட்டச் சொட்டப் போட்டேன் சார். கட்டிலே ஊறிப்போச்சு. ஒரு சத்தம் இல்ல."

"நல்லாக் காது குடுத்துக் கேட்டீங்களா?"

"அரை மணி நேரம், ஒவ்வொரு தடவையும்."

கண்ணாடிக்காரர் அட்டவணையின் மேல் விரலை வைத்தார். "அப்ப அவ அங்க இல்ல," என்றார்.

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "இல்ல."

"நீங்க இல்லேன்னு சொல்றீங்க. நான் அங்க இல்லேன்னு சொல்றேன். நான் இருந்தப்ப கேட்டுது. நான் இல்லாதப்ப முப்பத்தாறு தடவையும் கேக்கல. அப்ப அவ வீட்டோட இல்லைங்க." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அறிக்கையில அப்படி ஒரு முடிவு இல்லையே," என்றார் இயக்குநர்.

"அட்டவணையில இருக்குங்க."

"அட்டவணை பிற்சேர்க்கை. பிற்சேர்க்கையில முடிவு வரக் கூடாது." இயக்குநர் பேச்சை முடித்த நிறைவோடு தலை துவட்டிய துண்டைத் தன் நாற்காலி முதுகில் வீசிவிட்டு, கோப்பில் கையெழுத்திட உட்கார்ந்தார்.

"ச்சு."

மேசை ஓரத்தில் இருந்த பெட்டியின் முள் துள்ளி நாற்பத்து மூன்றில் நின்று இறங்கியது. கருவி அம்மா முள்ளைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். எழுத்தர் தன் நாக்கு வாய்க்குள் அசையாமல்தான் இருந்தது என்பதைக் காட்டுவதற்காக வாயைத் திறந்துவைத்துக்கொண்டார்.

இயக்குநர் பேனாவை வைத்தார். எழுந்தார். நாற்காலி முதுகிலிருந்து துண்டை எடுத்து, இரண்டாக மடித்து, அறைக்கு அந்தப் பக்கம் நடந்துபோய், திரைச்சீலைக் கம்பியில் போட்டார். ஒரு ஓரம் சுருங்கியிருந்தது, அதை இழுத்து நேராக்கினார். கொஞ்சம் காத்திருந்தார். இரண்டாவது சத்தம் வரவில்லை என்று உறுதியானதும் திரும்பி வந்து உட்கார்ந்து, "நிகழ்வு எதுவும் பதிவாகவில்லை, மேலும் ஆய்வு தேவை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடிக்காரர் அவருக்கு மனமார நன்றி சொன்னார். அறிக்கையை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளும்படி எழுத்தர் சொன்னார். கண்ணாடிக்காரர் அதை அங்கேயே வைத்துவிட்டு, கதவை நன்றாகத் திறந்து பிடித்தபடி, "வா, போகலாம்," என்றார். எழுத்தர் தன்னையறியாமல் ஓரடி ஒதுங்கி வழிவிட்டார்.

தெருவுக்கு வந்ததும், ஒரு கடை வாசலில் ஒதுங்கி மகளைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில வந்துடறேன்மா. ரெண்டு பேரும் வர்றோம்."

ஐம்பத்தெட்டு நாளாக மகள் இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாளா, இதற்குப் பயந்துகொண்டிருந்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. கேட்கும் மூச்சிலிருந்து அழுகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

"ஒரு வேலை செய்," என்றார் அவர். "என் ரூம்ல கொடி ஒண்ணு கட்டிடு. துண்டு காயப்போடறதுக்கு."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "எவ்வளவு உயரத்துலப்பா கட்டட்டும்?"

"தாழ்வாவே கட்டு," என்றார். "உங்க அம்மாவுக்கு எட்டணும்."